தொட்டால் சாவு, தொடாதவரை சாகாவரம்: ஏற்காட்டு மலையில் ஒரு நத்தைக் கணக்கு

கேள்வி இதுதான். கோடிக்கணக்கில் பணமும் சாகாவரமும் தருகிறார்கள். நோயோ முதுமையோ விபத்தோ உங்களைக் கொல்லாது. ஆனால் உலகத்தில் ஏதோ ஓரிடத்திலிருந்து ஒரு நத்தை உங்களை நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கும். அதற்கும் சாவு கிடையாது. நசுக்கினாலும் எரித்தாலும் பிழைத்துக்கொள்ளும். நீங்கள் இருக்கும் இடம் அதற்கு எப்போதும் தெரியும், அது இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியாது. அது உங்களைத் தொட்டால் அந்தக் கணமே கதை முடிந்தது. சம்மதிப்பீர்களா? கேட்டவர் கல்லூரி மாணவர். கூடவே ஒரு வாலையும் ஒட்டியிருந்தார்: "சேலத்தை விட்டுப் போகாமலே சமாளிக்க முடியுமா, ஐயா?"

ஆயுள் காப்பீட்டுத் துறையில் இறப்பு விகித அட்டவணைகளோடு வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். யார் எப்போது சாவார் என்று சொல்லத் தெரியாது. ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்று சொல்லத் தெரியும். அந்தப் புத்தியோடுதான் பதில் சொல்கிறேன், தம்பி. சம்மதிப்பேன், ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனை என்ன என்பது கணக்குப் போட்டால்தான் விளங்கும்.

முதலில் வேகம். தோட்டத்து நத்தை இயல்பாக ஊரும்போது நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நகரும். மணிக்கு 3.6 மீட்டர், நாளைக்கு 86 மீட்டர், இரவு பகல் பாராமல் ஊர்ந்தால் ஆண்டுக்கு 31.5 கிலோமீட்டர். சேலத்துக்காரர்களுக்கு இந்தத் தூரம் பழகியதாக இருக்கும். நகரத்திலிருந்து ஏற்காடு ஏரிக்குச் சாலை வழியாக ஏறத்தாழ இவ்வளவுதான். நாம் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு அது ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும். பெங்களூருக்குப் போய்விட்டால் ஆறு வருடத்துக்கு மேல் நிம்மதி, சென்னைக்குப் போனால் பத்துப் பதினோரு வருடம். பூமியின் மறுபக்கத்துக்கே ஓடிப்போனால் அறுநூறு வருடத்துக்கு மேல் கிடைக்கும்.

ஆனால் நத்தைக்குச் சாலை எதற்கு? வளைவுகள் பஸ்ஸுக்காகப் போட்டவை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 15 கிலோமீட்டர்தான். கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும் என்றாலும், செங்குத்துப் பாறை அதற்குத் தடையே இல்லை. ஐப்பசி மழை விட்டதும் அடிவாரத்து வீடுகளின் சுற்றுச்சுவரைப் பாருங்கள். உள்ளங்கை நீள ஓட்டைச் சுமந்துகொண்டு, மேல்கொம்பு இரண்டின் நுனியிலும் கரும்புள்ளியாக ஒரு கண்ணோடு, பெருநத்தைகள் ஏறிக்கொண்டிருக்கும். ஜன்னல் கண்ணாடியில் ஒன்று ஏறினால் உள்ளேயிருந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கலாம். தசை அலைகள் வாலிலிருந்து தலையை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பாதம் எங்கும் தூக்கி வைக்கப்படாது, ஆனாலும் உடம்பு முன்னேறும். அது போன தடம் விடிந்ததும் வெள்ளி ஜரிகையாக மின்னும். தலைகீழாகத் தொங்கியபடியும் போகும். ஆகவே ஒரு வருடம் என்பதை ஆறு மாதம் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

அதுவும் சாதாரண நத்தைக்குத்தான். இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் உள்ள காங்ஹாம் என்ற ஊரில் நத்தைகளுக்கு ஓட்டப்பந்தயமே உண்டு. 1995-இல் ஆர்ச்சி என்ற நத்தை 13 அங்குலத்தை இரண்டு நிமிடத்தில் கடந்தது. நான் போட்ட வேகத்தைப்போல் இரண்டே முக்கால் மடங்கு. மறுபக்கம், நம் சித்திரை வெயிலில் எந்த நத்தையும் அசையாது. ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மழை வரும்வரை உறங்கும். அந்த உறக்கத்தையும் நம்பிவிட வேண்டாம். 1846-இல் எகிப்திலிருந்து வந்த பாலைவன நத்தை ஒன்றை வெறும் ஓடு என்று எண்ணி பிரிட்டிஷ் மியூசியத்தில் அட்டையில் ஒட்டி வைத்தார்கள். 1850-இல் பார்த்தபோது அது உயிரோடு இருந்தது. பொறுமையில் நாம் அதனோடு போட்டி போட முடியாது.

இனி வரத்தைப் பார்ப்போம். நம் பக்கத்தில் சாகாவரத்துக்குப் பஞ்சமே இல்லை. சேலத்துக்கு மேற்கே இருக்கும் கஞ்சமலையில், மூலிகைக் குச்சியால் சோற்றைக் கிளறி, கறுத்துப்போன அந்தச் சோற்றைப் பயத்தில் தானே தின்று இளைஞனாகிவிட்ட கிழச் சீடனின் கதையைச் சொல்வார்கள். சித்தர்களின் பெயர் சொல்பவருக்கு ஏற்ப மாறும், சோறு மாறாது. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரிதான் பழைய தகடூர். அதன் அரசன் அதியமான், நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் காப்பீட்டுக்காரன் கண்ணுக்கு இந்த வரங்கள் எல்லாம் அரைகுறைப் பாலிசிகள். முதுமையைத் தடுக்கும், ஈட்டியைத் தடுக்காது. அதியமானே அந்தக் கனியைத் தின்றிருந்தாலும் தகடூர்ப் போர்க்களம் அவனை விட்டிருக்காது.

எவ்வளவு அரைகுறை என்பதற்கு ஒரு கணக்கு. 2022-இல் தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். மக்கள்தொகையை ஏழே முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவாக வைத்தால், ஓர் ஆண்டில் சுமார் 4,300 பேருக்கு ஒருவர். இன்றைய சாலைகள் இப்படியே இருந்தால், நெல்லிக்கனி தின்ற நூறு பேரில் ஐம்பது பேர் மூவாயிரம் ஆண்டுக்குள் சாலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். கிணறு, மின்சாரம், பாம்பு, காய்ச்சல் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. நத்தை வரம் அப்படியல்ல. அத்தனை சாவுகளையும் அடித்துவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் மிச்சம் வைக்கிறது. அந்த ஒன்று என்ன என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இரணியனுக்குக்கூட இந்தச் சலுகை கிடைக்கவில்லை. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது, உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது என்று பட்டியல் போட்டவனுக்கு, பட்டியலில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று தெரியவில்லை. அது தூணிலிருந்து வந்தது.

பாட்டி கதைகளில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. ஏழு மலை, ஏழு கடல் தாண்டி, ஒரு கிளிக்குள் தன் உயிரை ஒளித்து வைத்திருப்பான் அரக்கன். அங்கே உயிர் வெளியே இருக்கிறது, அது கூண்டை விட்டு நகராது. இங்கே வெளியே இருப்பது சாவு, அது நகர்கிறது. ஆனால் அந்த அரக்கர்கள் எப்படிச் செத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தூரம் குறைந்ததாலா? கிளி இருக்கும் இடத்தை யாரிடமோ வாய்விட்டுச் சொன்னார்கள், செத்தார்கள். நத்தைக்கும் அது பொருந்தும். அது தானாக வந்து சேர வருடங்கள் ஆகும். உங்கள் மேல் கோபமுள்ள ஒருவர் அதைப் பிடித்து ஒரு டப்பாவில் போட்டு அனுப்பினால் மறுநாள் காலையில் கூரியர் பையன் வாசலில் நிற்பான். ஆகவே வரம் வாங்கியதை மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்று தோன்றுகிறது. என் வீட்டில் அது நடக்காது. பத்து நிமிடத்தில் கறந்துவிடுவாள்.

வரம் வேண்டாம் என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். துரத்துகிற ஒன்று ஏற்கெனவே நம் பின்னால் இருக்கிறது. லண்டனில் காப்பீட்டுக் கணக்கராக இருந்த பெஞ்சமின் காம்பெர்ட்ஸ் 1825-இல் ஒரு விதியைக் கண்டுபிடித்தார். வளர்ந்த மனிதர்களின் இறப்பு விகிதம் வயதோடு பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. சுமார் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். முப்பது வயதில் இருந்த ஆபத்து 78 வயதில் 64 மடங்கு. நான் வேலை பார்த்த அட்டவணைகள் எல்லாம் இந்த ஒரு விதியின் பேரப்பிள்ளைகள்தான். நத்தையோ இன்றைக்கு மில்லிமீட்டர் என்றால் இன்னும் ஆயிரம் ஆண்டு கழித்தும் அதே மில்லிமீட்டர்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எந்தக் கணக்கரும் நத்தையைத்தான் தேர்ந்தெடுப்பார்.

பணத்தைப் பற்றி இரண்டு வரி போதும். என்றென்றைக்கும் வாழ எவ்வளவு பணம் வேண்டும் என்று மலைக்காதீர்கள். ஆறு சதவீத வட்டியில் ஆண்டுக்கு ஒரு லட்சம் நாற்பது வருடம் பெற 15 லட்சம் வைப்பாகப் போட வேண்டும். அதே ஒரு லட்சம் உலகம் உள்ளளவும் வேண்டுமென்றால் 16.67 லட்சம். விலைவாசி ஏற்றத்தைக் கழித்த வட்டியில் போட்டால் தொகை கூடும், ஆனாலும் முடிவிலி ஆகாது. பேரத்தில் காட்டப்படும் கோடிகள் நத்தையை மறைக்கப் போட்ட திரை.

சேலத்திலேயே சமாளிக்க முடியுமா என்பதற்கு வருகிறேன். முடியும், வெள்ளைக்காரத் துரைமார் காட்டிய வழி இருக்கிறது. 1820-களில் இங்கே கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அந்தக் காலம் தொட்டே வசதி உள்ளவர்களுக்குச் சமவெளியில் ஒரு வீடு, மலையில் ஒரு வீடு. நீங்களும் ஒரு மாதம் சேலம், ஒரு மாதம் ஏற்காடு என்று மாறிக்கொண்டே இருங்கள். நத்தை மலைச்சரிவின் நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் மேலே இருக்கும் மாதம் அது 2.6 கிலோமீட்டர் ஏறும். நீங்கள் கீழே வந்த மாதம் அதே 2.6 கிலோமீட்டர் இறங்கும். அவ்வளவுதான். காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக்கொடிகளுக்கும் நடுவே அதே ஒரு துண்டு நிலத்தில் அது யுகயுகமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு மாதம் மறந்துவிட்டாலும் உயிர் போகாது. அடுத்த வீட்டில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கிச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவது மாதமும் மறந்தால்தான் கஷ்டம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தத் திட்டத்தில் நான் ஓர் ஊகத்தை நுழைத்தேன், கவனித்தீர்களா? நத்தை நடுவில் இருக்கிறது என்று. அது வடக்கேயிருந்து வருகிறது என்றால் முதலில் வந்து சேருவது ஏற்காட்டு வீட்டு வாசலுக்குத்தான். நீங்கள் சேலத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்குகிற அன்று அது படிக்கட்டின் கீழ் இருக்கும்.

இன்னொன்று, நத்தை ஊர்ந்துதான் வரும் என்ற நம்பிக்கை. அடிவாரத்துச் சுவரில் ஏறுகிற பெருநத்தை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1847-இல் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார்கள். அங்கிருந்து நாடு முழுவதும் அது பரவியது தன் காலால் அல்ல. செடியோடும் மண்ணோடும் சரக்கோடும் நாமே சுமந்தோம். ஏற்காட்டு நாற்றுப்பண்ணையில் ரோஜாத் தொட்டி வாங்கிக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு இறங்கும் எந்தச் சுற்றுலாப் பயணியும் ஆறு மாத நடையை ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார். சேலத்து லீ பஜார் சந்தைக்கு இறங்கும் ஒரு காப்பி மூட்டை போதும். பலாப்பழ லாரி போதும். மழைக்காலத்தில் மனிதர் உதவியே வேண்டாம்: திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்கு நடுவே ஓடுகிறது. நகரத்துக்குள் அது இப்போது இருக்கும் நிலையைப் பார்த்தால் ஆறு என்று சொல்ல மனம் வராது, ஆனால் ஒரு பெருமழை இரவில் நத்தையை இறக்கிவிட அதற்குத் தெம்பு உண்டு. ஆகவே மில்லிமீட்டர் கணக்கு பெரும்பாலான நாட்களுக்குச் சரி. கொல்லப்போவது மிச்சமுள்ள அந்த ஓரிரு நாள்.

சரி, பிடித்து அடைத்துவிடலாமே? அது உங்களைத் தேடித்தான் வருகிறது, நீங்களே இரை. வழவழப்பான குழிக்கு நடுவில் மேடை போட்டு உட்கார்ந்தால் ஒருநாள் வந்து விழும். நீண்ட இடுக்கியால் எடுத்து, சேலம் உருக்காலையின் ஸ்டெயின்லெஸ் தகட்டில் பெட்டி செய்து, வெல்டிங் வைத்துவிடலாம். ஆனால் பிடித்தது அந்த நத்தைதானா? மழைக்காலத்தில் தெருவுக்கு நூறு நத்தைகள் திரிகிற ஊர் இது. இதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். மேசை நடுவில் அதை விட்டு, நான்கு பக்கமும் மாறி மாறிப் போய் நில்லுங்கள். நான்கு முறையும் உங்கள் பக்கமே திரும்பினால், சாதாரண நத்தை தற்செயலாக அப்படிச் செய்ய 256-இல் ஒரு வாய்ப்பு. போதுமா? போதாது. நீங்கள் 256 நத்தைகளைச் சோதித்தால் அதில் ஒன்றாவது பொய்யாகத் தேறும் என்று எதிர்பார்க்க வேண்டும். பத்து முறை சோதியுங்கள், பத்து லட்சத்தில் ஒன்றாகிவிடும். அதன் பிறகுதான் வெல்டிங். இதைச் செய்யாமல் தவறான நத்தையைப் பெட்டியில் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்தான் எல்லோரையும்விட முதலில் போவார்.

சரியான நத்தையே என்றாலும் பெட்டி நிரந்தரம் அல்ல. புதைத்த இடத்தை ஐநூறு வருடத்தில் யாராவது தோண்டுவார்கள். சேலத்துக்கும் மலைக்கும் நடுவே வெள்ளைக்கல் சுரங்கத்துக்காக எத்தனை நிலத்தைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தவர்கள், பூமிக்குள் ஒன்றை வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று நினைக்க மாட்டார்கள்.

நத்தையைவிட முதலில் துரத்தப்போவது அலுவலகங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருப்பதாக ஆண்டுக்கு ஒருமுறை சான்று கொடுக்க வேண்டும். நூற்று நாற்பது வயதில், முப்பது வயது முகத்தோடு போய் நின்றால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன செய்வார்? பட்டா, வாரிசுச் சான்று, ஆதார், கைரேகை எல்லாம் மனிதர் சாவார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை. ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை நீங்களே உங்களுக்கு மகனாகப் பிறந்தாக வேண்டும். இந்தத் தலைவலிக்கு நத்தை தேவலாம் என்று சிலர் வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும்.

இப்போது கணக்கின் முள். ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒன்று என்று மாறாத ஆபத்து இருந்தால் சராசரி ஆயுள் ஆயிரம் வருடம். லட்சத்தில் ஒன்று என்றால் லட்சம் வருடம். எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மாறாமல் இருந்தால் என்றைக்காவது பிடிபட்டே தீர்வீர்கள். என்றைக்கும் பிடிபடாமல் இருக்க ஒரே வழி, ஆபத்து வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போவது. முதல் ஆண்டு ஆயிரத்தில் ஒன்று, அடுத்த ஆண்டு அதில் பாதி, அதற்கடுத்து அதிலும் பாதி என்று போனால், முடிவே இல்லாத காலம் முழுவதற்கும் சேர்த்து ஆபத்து ஆயிரத்தில் இரண்டைத் தாண்டாது. அப்போதுதான் அது உண்மையான சாகாவரம்.

ஆனால் மனிதர் நேர் எதிர். 1948-இல் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர், ராடார் பார்ப்பவர்கள் ஏன் குறிகளைத் தவறவிடுகிறார்கள் என்று பார்க்க ஒரு சோதனை வைத்தார். ஒரே முள் சுற்றுகிற கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முள் எப்போதாவது இரட்டைத் தாவல் போட்டால் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்கிவிட்டது. நாம் இருநூறு வருடம் நத்தையைப் பார்க்காமலே வாழ்ந்த பிறகு வாசற்படியைக் குனிந்து பார்ப்போமா? முதல் வருடம் செருப்பை உதறிப் போடுவீர்கள். முந்நூறாவது வருடம் ரோஜாத் தொட்டி வாங்குவீர்கள். காம்பெர்ட்ஸ் உடம்பில் கண்ட அந்த ஏற்றம் இங்கே அசட்டையின் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது.

ஆகவே என் நிபந்தனை வேகத்தைப் பற்றியதும் அல்ல, தூரத்தைப் பற்றியதும் அல்ல. தருவதாகச் சொல்லும் கோடிகளில் முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பதிலுக்கு மாதம் பிறந்ததும் ஒரே ஒரு வரித் தகவல் வேண்டும்: நத்தை இன்றைக்கு எங்கே. ஏழாவது வளைவுக்குக் கீழே, பதினொன்றாவது வளைவுக்கு மேலே என்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும். அது வந்துவிட்டால் இரண்டு வீட்டுத் திட்டம் வேலை செய்யும். ரோஜாத் தொட்டியும் ஆற்று வெள்ளமும் நத்தையை எங்கே இறக்கிவிட்டாலும் அடுத்த மாதத் தகவலில் தெரிந்துவிடும். நடுவில் உள்ள அந்த ஒரு மாதத்து ஆபத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம், நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அது பெரிய விகிதம் அல்ல. தகவல் தர மாட்டோம் என்றால் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்கள் இருபது வயதுக்காரர், தம்பி. எட்டு வருட இரட்டிப்பு உங்களிடம் இன்னும் சில்லறைக் கணக்கில்தான் இருக்கிறது. தகவல் இல்லாமல் இந்தப் பேரத்துக்கு ஒப்புக்கொள்ள உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அறுபது வயதில் மறுபடியும் கேட்கச் சொல்லுங்கள்.